சுருட்டுப் பெட்டியும் நூறு கஜமும்

நான் எழுத்தாளன் அல்லன். 1981-ல் திருச்சியில் டிப்ளமா முடித்த கையோடு ரயில்வே வேலைக்குப் பூசாவல் வந்து, பிறகு நாக்பூருக்கு மாற்றலாகி, 2020-ல் ஓய்வு பெற்றவன். முப்பத்தொன்பது ஆண்டுகளில் பெரும்பகுதி எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஸ்பேனரும் கையுமாகக் கழிந்தது. நம் சங்க இதழில் இதுவரை என் பெயரில் வந்ததெல்லாம் சந்தா பாக்கியை நினைவூட்டும் அறிவிப்புகள்தாம். இம்முறை பாக்கி கேட்க வரவில்லை. ஒரு விஷயத்தில் நான் செய்தது சரியா என்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

விஷயம் ஒரு பரிசுப் பெட்டி பற்றியது.

நம் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழாவை ஒட்டி ஓர் ஏலம் நடக்கிறது. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் பொருள்களை இலவசமாகக் கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். வரும் தொகை, கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்குப் போகும். இட்லி வண்டி வைத்திருப்பவரின் மகள், கான்ட்ராக்ட் கூலியாக ஷெட்டைப் பெருக்குபவரின் மகன் என்று அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் நமக்குத் தெரிந்த குடும்பங்களே. ஆகவே ஏலத்தில் விழும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஒரு முகம் உண்டு.

சென்ற முறை கமிட்டியில் ஒரு நல்ல யோசனை வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊரின் பெயர் சொல்லும் பொருளைத் தரவேண்டும் என்பது அது. காஞ்சிபுரத்தார் பட்டு, தஞ்சாவூரார் தலையாட்டி பொம்மை, பத்தமடையார் பாய், மதுரைக்காரர் சுங்குடி என்று மளமளவென்று பெயர் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது, ஏலத்தை நடத்தும் இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், நீங்க உறையூர்தானே? திருச்சிச் சுருட்டு ஒரு பெட்டி வரவழைங்க. நல்ல மரப்பெட்டி, ஒரு கட்டர், ஆஷ்ட்ரே எல்லாம் சேர்த்து ஜோரா ஒரு கிஃப்ட் பேக்கா போட்டா, கான்ட்ராக்டருங்க போட்டி போட்டு எடுப்பாங்க. பத்தாயிரத்துக்குக் குறையாது" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. உடனே சரி என்றேன். அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் உறையூரில் சுருட்டு சுற்றியவர்.

தரையில் சம்மணமிட்டு, முன்னால் ஒரு பலகை, பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய இலைக்கட்டு, ஒரு சிறு கத்தி, ஒரு கிண்ணம் பசை. இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. நடு நரம்பைக் கிழித்தெடுத்து, உள் இலையைக் கையில் அடக்கி, அதன்மேல் கட்டு இலையைச் சுற்றி, கடைசியில் மெல்லிய மேல் இலையைச் சாய்வாக இழுத்து முடிப்பார். அளவுகோல் கிடையாது. ஆனால் ஐம்பது சுருட்டை வரிசையாக வைத்தால் ஒன்றுக்கொன்று நூல் அளவு வித்தியாசம் தெரியாது. பிற்காலத்தில் மைக்ரோமீட்டர் பிடித்து வேலை செய்தபோதெல்லாம் அந்தக் கை என் நினைவுக்கு வரும்.

இந்த ஊரில் திருச்சி என்றால் மலைக்கோட்டையைக்கூட அறியாதவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் அப்பாவின் தொழிலை ஒரு மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. வந்த சந்தர்ப்பத்தை விடுவேனா?

வேலையைத் தொடங்கினேன். அக்கா மகன் சென்னைவரை கொண்டு வந்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்த ஒரு நண்பர் மூலம் 25 சுருட்டுகள் கொடுத்தனுப்பினான். பழைய கட்டிலின் தேக்குச் சட்டங்களை இழைத்து நானே பெட்டி செய்தேன். பித்தளைக் கீல், பித்தளைத் தாழ். சுருட்டுக்கு ஏறத்தாழ 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். நாக்பூரின் வறண்ட காற்றில் மேல் இலை வெடித்துவிடும். அதற்கும் வழி செய்தேன். சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடிய பெட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இது பழைய பௌதிகப் பாடம்தான். ஈரமானி ஒன்றை வாங்கி வைத்து மூன்று நாள் சரிபார்த்தேன். என் மனைவி, "பேரனுக்குத் தொட்டில் செஞ்சப்பகூட இவ்வளவு பாடுபடலையே" என்றாள்.

பெட்டியோடு வைக்க ஓர் அட்டையும் எழுதினேன். சுருட்டு என்ற நம் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சர்ச்சிலுக்கும் நம் ஊர்ச் சுருட்டு போயிற்று என்று உறையூரில் பெருமையாகச் சொல்வார்கள். இவற்றையெல்லாம் எழுதி, கடைசி வரியில் சுற்றிய கைகளுக்கு ஒரு வணக்கமும் வைத்தேன். ஏலத்தின்போது ஒவ்வொரு பொருளையும் ஒரு மாணவர் மேடைக்கு ஏந்தி வந்து அட்டையைப் படிப்பது அங்கே வழக்கம்.

பெட்டியை எந்த மேசையில் வைப்பது என்று பார்க்க, விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பள்ளிக்குப் போனேன். வாசலில் ஒரு பலகை. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது என்று இந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துப் பேசியது.

ரயில்வேக்காரனுக்கு விதி என்று ஒன்று கண்ணில் பட்டால் முழுவதும் படிக்காமல் தூக்கம் வராது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 6-ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. சிகரெட்டுக்கு மட்டும்தானே என்று ஒரு நப்பாசை. அட்டவணையைப் பார்த்தேன். சிகரெட்டுக்கு அடுத்து சிகார், அதற்கடுத்துத் தனி வரியில் செரூட்! நான் அட்டையில் பெருமையாக எழுதிய அதே தமிழ்ச் சொல், நாடாளுமன்றச் சட்டத்தின் அட்டவணையில் தடைக்குரிய பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

5-ஆம் பிரிவில் இன்னொரு வாசகம். பரிசோ கல்வி உதவித்தொகையோ பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாகப் புகையிலைப் பயன்பாட்டை எவரும் ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நம் ஏலம் அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். ஆனால் கல்வி உதவித்தொகை என்ற பெயரில் புகையிலை பள்ளிக்குள் நுழையக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. அது மட்டுமா? 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொட்டலத்தின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். நான் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிய தேக்கு மூடியில் அந்தப் படத்தை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன்.

கமிட்டியில் சொன்னேன். அவர்கள் பதில் தயாராக வைத்திருந்தார்கள். "அவ்வளவுதானே சார்? ஏலத்தை ஓட்டல் ஹாலுக்கு மாத்திடுவோம். நூறு கஜம் என்ன, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வெச்சுக்குவோம். எடுக்கறவங்க எல்லாம் பெரியவங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

இங்கேதான் என் அபிப்பிராயம் தொடங்குகிறது. நூறு கஜம் என்பது 91.44 மீட்டர். அது பள்ளிச் சுவரிலிருந்து அளப்பதற்கு மட்டும் உள்ள தூரமா? ஓட்டலில் வைத்தாலும் ஏலம் பள்ளியின் பெயரில்தான் நடக்கும். பெட்டியை ஏந்தி வருவதும் ஒரு மாணவர்தான். அட்டையைப் படிக்கப்போவதும் அந்தப் பிள்ளையின் குரல்தான். சிக்னல் கம்பத்தைப் பிடுங்கி நூறு கஜம் தள்ளி நட்டுவிட்டு, வண்டி சிவப்பைத் தாண்டவில்லை என்று ரிப்போர்ட் எழுதினால் ரயில்வேயில் யாராவது ஒப்புக்கொள்வார்களா? வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டு, பணம் வேண்டும்போது அந்தப் பலகையின் நிழல் எட்டாத இடத்துக்குப் போய் விற்றால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: விதி என்பது இடத்தைப் பொறுத்தது.

இன்னொரு வாதமும் வந்தது. "சுருட்டு என்ன பீடியா, குட்காவா? புகையை உள்ளே இழுக்கறதில்லையே. ஆண்டுக்கு ஒரு தடவை வெச்சு ஊதற கௌரவமான சமாசாரம்" என்றார் ஒரு நண்பர். இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, புத்தகப் பதில். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் சுருட்டைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். அதன் புகை காரத்தன்மை உள்ளது. ஆகவே நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது.

இரண்டாவது, என் வீட்டுப் பதில். அப்பா சுருட்டு சுற்றினார், குடித்ததில்லை. பெரியப்பா சுற்றவும் செய்தார், குடிக்கவும் செய்தார். அவரும் புகையை விழுங்கியதில்லை. கன்னத்தில் வந்த புண்ணை அறுத்தபோது தாடை எலும்பில் ஒரு பகுதியும் போயிற்று. கடைசி ஆண்டில் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தோம். அவருடைய முகத்தைப் பார்த்த யாரும் பீடிக்கும் சுருட்டுக்கும் கௌரவ வித்தியாசம் பேசமாட்டார்கள்.

ஆனால் என்னை உண்மையில் மடக்கிய கேள்வி கமிட்டியிலிருந்து வரவில்லை, எனக்குள்ளிருந்தே வந்தது. என் டிப்ளமாவே சுருட்டுக் காசுதானே? கட்டணம், ஹாஸ்டல், டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர் எல்லாம் அப்பா சுற்றிய சுருட்டுகள். அந்தக் காசில் படித்து, ரயில்வேயில் சேர்ந்து, பென்ஷனும் வாங்கிக்கொண்டு, இன்னொரு ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்கு அதே காசு வரும்போது மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு இரவு இந்தக் கேள்வியோடு புரண்டேன்.

எனக்குக் கிடைத்த விடை இதுதான். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு தொழில் கொடுப்பாரும் இல்லை. உழைப்பை விற்று எங்களைக் காப்பாற்றினார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் என்னை அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நாள்கூட அவர் உட்கார விட்டதில்லை. இலைக்கட்டைத் தொட்டால், "கையைக் கழுவிட்டு வந்து புஸ்தகத்தை எடுடா" என்பார். அந்த வாசனை தன்னோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அவ்வளவு சுற்றினார். வேறு வழியில்லாமல் அவர் செய்ததை, வேறு வழி ஆயிரம் இருந்தும் நாம் செய்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தவிர, பத்தாயிரத்துக்கு ஏலம் போனாலும் அதில் ஒரு பைசா சுற்றியவர் கைக்குப் போகாது. அவருக்குக் கிடைப்பது எண்ணிக்கைக் கூலிதான். நான் அட்டையில் வைத்த வணக்கம் உண்மையில் அவர்களுக்கு அல்ல, என் சொந்தப் பெருமைக்கு என்பதும் அப்போது விளங்கிற்று.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏலம் நடத்தும் இளைஞருக்கு வருத்தம். "சார், ஒரு பிள்ளையோட வருஷக் கட்டணம் போச்சே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மறுப்பது சுலபம்; மறுத்ததற்கான விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பெட்டியை வீணாக்கவில்லை. உறையூர்க் கைத்தறித் துணியை உள்ளே விரித்து, திருச்சியில் பட்டை தீட்டிய செயற்கை வைரக் கற்கள் பதித்த ஒரு ஜோடி தோடு, மணப்பாறை முறுக்கு ஒரு டப்பா, மலைக்கோட்டைப் படம் ஒன்று எல்லாம் வைத்து அனுப்பினேன். பள்ளியிலேயே ஏலம் நடந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏந்தி வந்து புதிய அட்டையைப் படித்தாள். 3,200 ரூபாய்க்குப் போயிற்று. பத்தாயிரம் எங்கே, 3,200 எங்கே! கைதட்டலுக்கு நடுவே அந்தக் கழித்தல் கணக்குத்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பார்க்கில் உட்காரும் நாங்கள் ஆறு பென்ஷன்காரர்கள் பேசினோம். ஆளுக்கு மாதம் 100 ரூபாய். ஆண்டுக்கு 7,200. விட்டுப்போன 6,800 ரூபாயை அது ஈடு கட்டிவிடும். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை; நாங்கள் தினம் குடிக்கும் இரண்டாவது டீயின் காசு. டாக்டரும் அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

இனி என் யோசனைகள். முதலாவது, பள்ளிக்கோ சங்கத்துக்கோ நிதி திரட்டும்போது புகையிலையும் மதுவும் நன்கொடைப் பொருளாக ஏற்கப்படமாட்டா என்று எழுத்தில் ஒரு விதி வைத்துவிடுவோம். விதி எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கெட்ட பெயர் எடுக்க வேண்டியிருக்கும். இம்முறை நான் எடுத்தேன். அடுத்த முறை நீங்கள் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பொருளை மட்டும் ஏலம் விடாமல் உழைப்பையும் ஏலம் விடுவோம். நம்மில் எத்தனை ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கணக்கர்கள், பாட்டு வாத்தியார்கள்! ஒரு மாதக் கணக்கு டியூஷன், வீட்டில் ஒரு கச்சேரி, வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது என்று எதையும் வைக்கலாம். அடுத்த ஏலத்துக்கு என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்: பத்து ஞாயிறு காலைகள், மிக்ஸி, மின்விசிறி, குழாய் எது கெட்டாலும் வந்து பார்த்துத் தருவேன். அப்பா கொடுத்த படிப்பை ஏலம் விடுவதில் அவருக்கு ஆட்சேபணை இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறினாலே புகை மண்டலம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவு, பக்கத்துப் பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. வண்டி முழுவதிலுமே தடை செய்யும் அதிகாரத்தையும் ரயில்வேக்குத் தந்தது. அபராதம் நூறு ரூபாய்தான். ரயிலிலாவது, புகையை நிறுத்துவதாவது என்று ஷெட்டில் சிரித்தோம். நானும் சிரித்தவன். 2001-ல் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடைக்கான புதிய விதிகள் அமலுக்கு வந்தன. இன்றைக்குப் பெட்டிக்குள் ஒருவர் பற்றவைத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பழக்கம் மாறும். யாராவது முதலில் ஆட்சேபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 25 சுருட்டுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 24-ஐ ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கொடுத்த பணம் திரும்பவில்லை, கேட்கவும் இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பற்றவைப்பதற்காக அல்ல. மேல் இலை சாய்வாக இழுத்து முடிந்திருக்கும் அந்த இடத்தை எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன்.

நான் செய்தது சரி என்பவர்களும், கிழவன் பத்தாயிரத்தைக் கெடுத்தான் என்பவர்களும் தத்தம் கருத்தைத் தயங்காமல் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். இரண்டாவது கட்சிக்காரர்கள் கடிதத்தோடு மாதம் நூறு ரூபாயும் சேர்த்து அனுப்பினால் கூடுதல் மகிழ்ச்சி.